வெல்ட்ராவுக்கு மூணு நட்சத்திரம்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க சார், எனக்குக் காத்து ஆகாது. பையை மேல வச்சிருங்க, கால்ல இடிக்கும். சென்னை வரைக்குமா? திருச்சியா, சரி சரி. நான் கடைசி வரைக்கும் போறேன்.

தப்பா நினைக்காதீங்க, அடுத்தவன் போனை எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா கண்ணுல பட்டுருச்சு. நீங்க படிச்சுக்கிட்டு இருக்கிறது கட்டைவிரல் தானே? டிவியில மாட்டி விளையாடுற கேம் பெட்டிக்கெல்லாம் நட்சத்திரம் போடுறாய்ங்களே, அந்தத் தளம். மகளுக்குப் பெட்டி வாங்கணும், எது நல்லதுன்னு பாக்குறீங்க, அப்பிடித்தானே? பரீட்சையில நல்ல மார்க்கா? சந்தோசம். ஆனா ஒண்ணு சொல்றேன், அதை மூடி வச்சிருங்க. அதுல எழுதுறது பூராம் ஒருதலைப்பட்சம். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லல சார். எழுதுற ஆளு வீட்டுக்கே போயி, அவரு போட்ட சோத்தைத் தின்னுட்டு வந்து சொல்றேன்.

என் பேரு வீரணன். டவுன்ஹால் ரோட்ல எவர்சில்வர் பாத்திரக் கடை ஒண்ணு இருக்கு, அதுக்குப் பக்கத்துல இரும்புப் படிக்கட்டு, ஏறி மேல வந்தீங்கன்னா வீரா கேம் சர்வீஸ். பதினாலு வருசமா கேம் பெட்டி ரிப்பேர் பாக்குறேன். அதுக்கு முந்தி மிக்ஸி, கிரைண்டர், டிவி. மதுரையில எவன் வீட்டுல கேம் பெட்டி நின்னாலும் நம்ம படிக்கட்டுலதான் ஏறணும்.

நான் விளையாட மாட்டேன் சார். காரு ஓட்டுற கேம்ல மொதல் வளைவுலயே செவுத்துல முட்டிக்கிருவேன். ரிப்பேர் பாத்த பெட்டியை என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம்தான் டெஸ்ட் பண்ணுவா. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுக்கிட்டு வருவா, வந்து ஒரு மணி நேரம் விளையாண்டு பாத்துட்டு, இது ஓகே, இது திரும்ப நிக்குதுன்னு பிரிச்சு வச்சுட்டுப் போவா. நல்லா ஓட்டுவா. அதைப் பெருமையாச் சொல்லல, தொழில் அது.

இப்ப விசயத்துக்கு வரேன். சந்தையில ரெண்டு பெட்டிதான் சார் பெரிசு. ஒண்ணு வெல்ட்ரா, இன்னொண்ணு ஓமிக். ரெண்டு கம்பெனிக்காரனும் எனக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல. நான் நடுநிலையான ஆளு. நடுநிலையாச் சொல்றேன், வெல்ட்ரா மாதிரி ஒரு பெட்டி இந்த ஒலகத்துல கிடையாது. எப்பிடிச் சொல்றேன்னா, என் கடைக்குப் பத்துப் பெட்டி வருதுன்னு வைங்க, ஒன்பது வெல்ட்ரா. ஓமிக் மாசத்துக்கு ஒண்ணு வந்தாப் பெரிசு. அதுவும் எவனாவது டீயைக் கொட்டிக் கொண்டாருவான். இதுலயே தெரியல, யாருக்கு மவுசுன்னு?

ஆமா சார், ரிப்பேருக்குத்தான் வரும். பின்ன ரிப்பேர் கடைக்கு அர்ச்சனை பண்ணவா கொண்டாருவாய்ங்க?

அந்தப் பெட்டியை நம்பித்தான் சார் எங்க பொழப்பே. எம் மகன் காலேஜ் படிச்சது அதுல, கரிமேட்டுல வீட்டுக்கு மேல ஒரு ரூம் எடுத்தது அதுல. வெல்ட்ரா நல்லா இருந்தா நான் நல்லா இருப்பேன். அப்பிடிப்பட்ட பெட்டியை ஒருத்தன் ஊரறியப் பழிச்சா சும்மா இருக்க முடியுமா?

பழிச்சாரு சார். தே. ஜெபராஜ்னு பேரு. நீங்க படிக்கிறதுக்கு அடியிலயும் அவரு பேருதான் இருக்கும் பாருங்க. போன மாசி மாசம் வெல்ட்ராவையும் ஓமிக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு விமர்சனம் எழுதினாரு. ஓமிக்குக்கு அஞ்சு நட்சத்திரம். வெல்ட்ராவுக்கு மூணு. காரணம் என்னன்னா, சூடாகுதாம். 'விளையாடத் தொடங்கி அரை மணி நேரத்தில் இந்தப் பெட்டியின் மேல் இட்லி ஊற்றி வைக்கலாம்' அப்பிடின்னு எழுதியிருந்தாரு. ஒரு பத்திரிகைக்காரன் எழுதுற எழுத்தா இது?

சரி, நாமளும் எடுத்தேன் கவுத்தேன்னு பேசக் கூடாது, சோதிச்சுப் பாத்துருவோம்னு பஞ்சவர்ணத்தை மாவு கொண்டுவரச் சொன்னேன். ஒரு சின்னக் கிண்ணத்துல மாவை ஊத்தி, வெல்ட்ரா மேல வச்சு, அவளை விளையாடச் சொல்லிட்டு நான் கெடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். அரை மணி நேரம். பொய் சார். அப்பட்டமான பொய். இட்லி வேகவே இல்ல. அடிப்பக்கம் மட்டும்தான் கொஞ்சம் வெந்திருந்துச்சு.

அவ சிரிக்கிறா. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு கேட்டேன். ஓமிக்ல டெஸ்ட் பண்றப்ப கையே சுடுறதில்லைங்கன்னு சொல்றா. அவளும் ஜெபராஜ் எழுதுறதைப் படிக்கிறவ, அதனால அவ சொல்றதை நான் சாட்சியா எடுத்துக்கிறதில்ல.

சூடாகாத சாமான் எது சார்? நான் ஒண்ணும் சூடே ஆகாதுன்னு சொல்லல. எதுக்கும் ஒரு பக்குவம் இருக்கு. பெட்டியைத் திருப்பிக் குடுக்கிறப்ப ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தான் அனுப்புவேன். தரையில வைக்காதீங்க. ஒரு எவர்சில்வர் தட்டைக் கவுத்திப் போட்டு அதுமேல வைங்க. பின்னால ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். அரை மணிக்கு ஒருக்கா நிறுத்தி, புறங்கையால தொட்டுப் பாருங்க, புள்ளைக்குக் காய்ச்சல் பாப்போம்ல அந்த மாதிரி. சித்திரை வைகாசியில பகல் பதினோரு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் அது பக்கமே போகாதீங்க. இம்புட்டுத்தான். இதைக்கூடச் செய்ய முடியாதவன் எதுக்கு சார் ஒரு பெட்டி வாங்கணும்? எங்க கீழ்க்கடை பாத்திரக்காரருக்கே நம்மாலதான் தட்டு வியாபாரம், அவரைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவாரு.

விமர்சனத்துக்கு அடியில கருத்து எழுத எடம் குடுத்திருந்தாய்ங்க. எழுதினேன். மொதல் தடவை மரியாதையா எழுதினேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் காரமா. அப்பறம் கை நிக்கல சார், பத்தொன்பது கருத்து எழுதிட்டேன். ஓமிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினீங்கன்னு கேட்டேன். நடுநிலைன்னா என்னன்னு தெரியுமா, வெல்ட்ராவுக்கும் அஞ்சு போடுங்கன்னு கேட்டேன். மதுரைக்கு வந்து பாருங்க, ஜனங்க வெல்ட்ரா மேல எம்புட்டு உசுரா இருக்காய்ங்கன்னு எங்கிட்ட ஆதாரம் இருக்குன்னு எழுதினேன். பத்தொன்பதாவதுக்குப் பதில் வந்துச்சு. ஒரே வரி. 'ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள் அண்ணே, பார்க்கிறேன்.' அதுக்குக் கீழ அவரு வீட்டு விலாசம்.

ஆதாரம் இருந்துச்சு சார். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. பழசைக் கழட்டிட்டுப் புதுசு போட்டா, கழட்டின சாமானை வந்தவரு கையில குடுத்துக் காட்டணும். காட்டலைன்னு வைங்க, மாத்தவே இல்ல, தொடச்சு மட்டும் குடுத்துட்டான்னு வெளியில போயி பேசுவாய்ங்க. வெல்ட்ராவுக்குள்ள உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஃபேன் இருக்கும், அதுதான் கருகும். அதைக் கழட்டிக் காட்டுவேன். வந்தவரு வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மேசை மேலயே வச்சுட்டுப் போயிருவாரு. கருகினதைக் கொண்டுபோயி என்ன செய்ய? நான் அதுல ஒரு சீட்டுல பேரும் தேதியும் எழுதி, நூல் போட்டுக் கட்டி வச்சிருவேன். நாளைக்கே வந்து மாத்தலைன்னு சண்டை போட்டா எடுத்துக் காட்டணும்ல.

அப்பிடிச் சேந்ததுதான் ஒரு அரிசிச் சாக்கு நெறைய. பஞ்சவர்ணம் நூறு தடவை சொல்லிட்டா, பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குங்கன்னு. நான் கேக்கல. உக்காந்து எண்ணிப் பாத்தேன். அறுநூத்திப் பன்னெண்டு. அறுநூத்திப் பன்னெண்டு தடவை மதுரை சனங்க வெல்ட்ராவைத் தூக்கிக்கிட்டு என் படிக்கட்டு ஏறியிருக்காங்க. ஒருத்தன்கூட தூக்கி எறியல. இதைவிட என்ன ஆதாரம் வேணும்? சாக்கைக் கட்டித் தோள்ல போட்டுக்கிட்டுச் சென்னைக்குக் கிளம்பிட்டேன்.

அப்ப பஞ்சவர்ணம் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னா. "ஏங்க, நீங்க யாரு கட்சிக்குச் சாட்சி சொல்லப் போறீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாத்துட்டுப் போங்க" அப்பிடின்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்னு நான் போயிட்டேன் சார். இப்பவும் அவ சொன்னது சரின்னு நான் ஒத்துக்கல.

மேலூர் தாண்டிட்டோமா? பஸ் டிரைவரு நல்லாத்தான் ஓட்டுறாரு.

வளசரவாக்கத்துல வீடு. ஓமிக்காரன் காசுல மாளிகை கட்டியிருப்பாருன்னு நினைச்சுப் போனேன். மொட்டை மாடியில ஒத்தை ரூம் சார். மேல தகரக் கூரை. நாலு பக்கமும் புஸ்தகம், வயரு. முப்பது வயசு இருக்கும், ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, என்னைப் பாத்ததும் எந்திரிச்சு வந்து சாக்கை வாங்கிக்கிட்டாரு. வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்கன்னு தண்ணி குடுத்தாரு. நான் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே சுத்திப் பாத்தேன், வாங்குன பணத்தை எங்க ஒளிச்சு வச்சிருப்பாருன்னு. அந்த ரூம்ல ஒளிக்கவும் எடம் இல்ல. பெரிய கைகாரன் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் பாத்தேன். மேசை மேல ஒரு வெல்ட்ரா. கவுத்திப் போட்ட தட்டு மேல. பின்னால டேபிள் ஃபேன்.

இது யாருதுன்னு கேட்டேன். "என்னுதுதான்ணே. எனக்குப் பிடிச்ச பெட்டி இதுதான். அதனாலதான் வருத்தத்தோட எழுதுனேன்" அப்பிடின்னாரு. ஓமிக் எங்கன்னு கேட்டேன். அது அவருகிட்ட இல்லையாம், விமர்சனம் எழுத ரெண்டு வாரம் நண்பர்கிட்ட எரவல் வாங்கினாராம். பாத்தீங்களா சார் கூத்தை? வீட்டுல வச்சு வெளையாடுறது வெல்ட்ரா, அதுக்கு மூணு. எரவல் சாமானுக்கு அஞ்சு. பெத்த புள்ளையை வஞ்சுட்டு ஊரான் புள்ளையைக் கொஞ்சுற கதை. இதுக்குப் பேரு ஒருதலைப்பட்சம் இல்லாம என்ன?

சாக்கை அவுத்துத் தரையில கொட்டினேன். அவரு மேசையை ஓரமா நகத்தி எடம் பண்ணாரு. அப்பறம் சம்மணம் போட்டு உக்காந்து ஒவ்வொரு சீட்டா எடுத்துப் படிச்சாரு, போட்டோ எடுத்தாரு, தேதிவாரியா அடுக்கினாரு. மத்தியானம் வரைக்கும் அதே வேலை. எனக்குப் பெருமை தாங்கல. இந்த மாதிரி ஒருத்தன் என் வேலையைப் பாத்ததே இல்ல சார். பதினாலு வருசத்துல ஒருத்தன் பாத்ததில்ல.

அதுல காஜாமைதீன்னு ஒருத்தர் பேரு ஏழு சீட்டுல இருந்துச்சு. சிம்மக்கல்காரரு, நல்ல மனுசன். ஒரே ஆளு ஏழு தடவையான்னு ஜெபராஜ் கேட்டாரு. ஆமா தம்பி, ரெண்டு வருசத்துல ஏழு தடவை கொண்டாந்தாரு, ஒரு பொருள் மேல பாசம் இல்லாட்டி எவனாவது ஏழு தடவை மாடி ஏறுவானான்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாரு. கல்லும் கரைஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.

சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் அவரே செஞ்சிருந்தாரு. சாப்புடுறப்ப பக்குவமெல்லாம் கேட்டாரு. தட்டு, ஃபேன், சித்திரை வைகாசி, இட்லி சோதனை, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொன்னேன். எழுதிக்கிட்டாரு. கடைசியா, இதையெல்லாம் நான் போடலாமாண்ணேன்னு கேட்டாரு. தாராளமாப் போடுங்க தம்பி, என் பேரையும் போட்டு, படத்தையும் போடுங்கன்னு சாக்குப் பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டே போஸ் குடுத்தேன்.

பத்து நாள்ல வந்துருச்சு. 'அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்'னு தலைப்பு. பக்கத்தை நெறச்சுக்கிட்டு என் படம். மொத பத்தியில என்னைப் பத்தி எழுதியிருந்தாரு, கைராசிக்காரரு, நேர்மையானவரு, சுத்தமான வேலைக்காரருன்னு. அதோட போதும்னு போனை மூடிட்டுக் கீழ ஓடினேன். பாத்திரக் கடையில, செருப்புக் கடையில, டீக்கடையில எல்லாத்துக்கும் அல்வா குடுத்தேன். ஜெயிச்சுட்டோம்னு சொன்னேன். என்னத்தை ஜெயிச்சோம்னு கேட்டாய்ங்க, உண்மை ஜெயிச்சிருச்சுன்னு சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டுல பஞ்சவர்ணம் மிச்சத்தைப் படிச்சா. சத்தமாவே படிச்சா. 'இந்தப் பெட்டி சராசரியாக நான்கு மாதத்துக்கு ஒருமுறை நின்றுபோகிறது என்பதற்கு வீரணன் அவர்களின் சாக்கைவிட வலுவான சான்று இந்த நாட்டில் வேறெங்கும் இருக்க முடியாது.' படிச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்தா. நான் மோரை ஊத்திக்கிட்டேன். அது கணக்கும்மா, கருத்து இல்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

அப்பறம் நடந்ததுதான் சார் அநியாயம். பெங்களூர்ல ஒருத்தன் அதை மொழிபெயர்த்துப் போட்டான். ஐதராபாத்துல ரிப்பேர் கடைக்காரங்க நாலு பேரு எங்ககிட்டயும் சாக்கு இருக்குன்னு படம் போட்டாய்ங்க. எல்லாரும் பழைய சாமானைச் சேத்துத்தான் வச்சிருக்காய்ங்க போல. வெளிநாட்டுல பேசினாய்ங்க. கடைசியில கம்பெனியே எறங்கி வந்து அறிக்கை விட்டுச்சு. ஃபேன்ல குறை இருக்கு, யாருகிட்ட வெல்ட்ரா இருந்தாலும் இலவசமா மாத்தித் தரோம், வீட்டுக்கே வந்து வாங்கிக்கிருவோம், கருகவே கருகாத ஃபேன்.

இலவசமா சார். வீட்டுக்கே வந்து.

எனக்கு எதிரி இல்ல சார் யாரும். காஜாமைதீன் போன் பண்ணாரு. என்ன பாய், எட்டாவது தடவையான்னு கேட்டேன், சந்தோசமாத்தான் கேட்டேன். இல்லண்ணே, கம்பெனிக்காரங்க வந்து மாத்திக் குடுத்துட்டாங்க, ஜம்முனு ஓடுது, எல்லாம் உங்க புண்ணியம், நல்லா இருப்பீங்கன்னாரு. மனசார வாழ்த்தினாரு. வச்சுட்டேன்.

அந்த இரும்புப் படிக்கட்டுல ஆளு ஏறினா டங்கு டங்குன்னு கேக்கும். ஏறுற சத்தத்துலயே சொல்லிருவேன், பெட்டி கையில இருக்கா, சும்மா விசாரிக்க வாராரான்னு. ஆனி மாசம் பொறந்து ஒரு வாரம், மத்தியானம் பஞ்சவர்ணம் வாரதைத் தவிர, ஒரு சத்தம் கேக்கல. மேசையைத் தொடச்சேன். ஸ்க்ரூவைப் பூராம் சைஸ்வாரியாப் பிரிச்சு டப்பாவுல போட்டேன். அப்பறம் அதைக் கொட்டி மறுபடி பிரிச்சேன். எட்டாம் நாள் காலையிலயே படி ஏறுற சத்தம் கேட்டு எந்திரிச்சு ஓடினேன் சார். பஞ்சவர்ணம், நேரத்தோடயே சோத்துத் தூக்கோட. எனக்கு அழுகை வந்திருச்சு. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு வெங்காயம் தூக்கலா இருக்குன்னு சொன்னேன். அன்னைக்குத் தயிர் சாதம்.

அவ இன்னொரு கரண்டி அள்ளி வச்சா. நல்ல பொம்பளை சார்.

கோவத்துல ஜெபராஜுக்குப் போன் போட்டேன். என்ன தம்பி இப்பிடிப் பண்ணிட்டீங்க, நான் வெல்ட்ராவுக்கு நல்லது சொல்லத்தானே வந்தேன்னு கேட்டேன். அவரு ரொம்பப் பணிவாத்தான் பேசினாரு. "அண்ணே, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை நான் மாத்தல. உங்களாலதான் லட்சக்கணக்கான பேருக்கு நல்ல பெட்டி கிடைச்சிருக்கு" அப்பிடின்னாரு. போனை வச்சுட்டேன். ஆனா ஒரு வார்த்தை மாத்தலைங்கிறது பொய் சார். மோர் ஊத்துன கிண்ணத்தை அது மேல வைக்காதீங்கன்னு ஒரு பக்குவம் சொன்னேன். அதை விட்டுட்டாரு. ஒருதலைப்பட்சம்னா இப்பிடித்தான், வேண்டாததை நைசா விட்டுருவாய்ங்க.

போன வாரம் கம்பெனியிலருந்து ஒரு டிப்டாப் ஆளு வந்தாரு. படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டு, கையில பெட்டி இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன். இருந்துச்சு. புது வெல்ட்ரா, மூணாவது மாடல், இன்னும் பாதிக் கடைக்கே வரல. உங்க உதவிக்குக் கம்பெனியோட அன்பளிப்புன்னு என் பேரு அச்சடிச்ச காயிதத்தோட குடுத்துட்டுப் போனாரு. பதினாலு வருசம் அந்தப் பெட்டிக்கு ஊழியம் செஞ்சிருக்கேன், ஒரு நாளும் கம்பெனி என்னைத் திரும்பிப் பாத்ததில்ல. அன்னைக்கு சந்தனம் குங்குமம் வச்சு மேசையில எடுத்து வச்சேன். பொய் சொல்லக் கூடாது, சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அப்பறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டுத் திருப்பினேன். ஸ்க்ரூ இல்ல சார். முன்னால இல்ல, பின்னால இல்ல, ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்தேன், அடியிலயும் இல்ல. எங்கயும் ஒரு தொறப்பு இல்ல. முட்டை மாதிரி மூடியிருக்கு.

சரி, சூடாகுதான்னு பாப்போம்னு பஞ்சவர்ணத்தை விளையாடச் சொன்னேன். தட்டு வைக்கல. ஃபேனை நிறுத்திட்டேன். சன்னலையும் சாத்திட்டேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அவளுக்கு வேர்த்து ஊத்துது, பெட்டிக்கு வேர்க்கல. மேல துண்டைப் போட்டு மூடினேன். அதுக்கும் ஒண்ணும் ஆகல. சாயங்காலம் துண்டை எடுத்துட்டுப் புறங்கையை வச்சுப் பாத்தேன். ஜில்லுன்னு இருக்கு சார். எம்புட்டு வருசமா அந்தச் சூட்டைத் தொட்டு, இந்தப் பெட்டிக்கு இது கோளாறு, அந்தப் பெட்டிக்கு அது கோளாறுன்னு சொன்ன கை இது. இப்ப ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. கையை எடுக்கவே மனசு வரல.

பஞ்சவர்ணம் பாவம், கண்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு, ரொம்ப நல்லா இருக்குங்கன்னு சொல்லி அப்பிடியே நிறுத்திக்கிட்டா.

முந்தாநாள் கட்டைவிரல்ல விமர்சனம் வந்திருச்சு. புது வெல்ட்ராவுக்கு ஜெபராஜ் போட்டது எத்தனை தெரியுமா? அஞ்சு. முழுசா அஞ்சு. பத்தொன்பது கருத்து எழுதி நான் கேட்ட அதே அஞ்சு. கீழ டீக்கடைக்காரரு, என்ன வீரணா, அல்வா இல்லையான்னு கேக்குறாரு.

அதுக்குத்தான் சார் சென்னைக்குப் போறேன். சண்டை போட இல்ல. நடுநிலையாப் பேசத்தான் போறேன். அஞ்சு ரொம்ப அதிகம், ஒண்ணைக் கொறைச்சு நாலு போடுங்க தம்பின்னு கேக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு. நாலுன்னு இருந்தா எங்கயோ ஒரு குறை இருக்குன்னு சனங்க நினைப்பாங்க, தேடுவாங்க, விசாரிப்பாங்க, எவனாவது ஒருத்தன் படி ஏறி வந்து, அண்ணே இதைக் கொஞ்சம் பாருங்கன்னு சொல்லுவான். அஞ்சு போட்டா என்ன சார் செய்யிறது? யாரும் வர வேண்டியதே இல்லைங்கிறாரே.

மகளுக்கு நீங்க அதையே வாங்கிக் குடுங்க. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். புள்ள சந்தோசமா விளையாடட்டும்.

திருச்சி வந்திருச்சு போல, எந்திரிக்கிறாய்ங்க. இருங்க சார், பையை நான் எடுத்துத் தாரேன். ஒரே ஒரு நிமிசம். நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு. நாலு போடுங்கன்னா அந்தத் தம்பி காரணம் கேப்பாரு, அவரு அப்பிடி, எதுக்கும் ஆதாரம் கேப்பாரு. மதுரையிலருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டே வாரேன், ஒண்ணும் பிடிபடல. ஒரு பெட்டி கெட்டே போக மாட்டேங்குதுன்னா, அதை ஒரு குறையா எப்பிடி சார் எழுதுறது?